அண்ணன் எழுதியது, தம்பி ஓட்டியது

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே கூரையின் கீழ் தொழில் செய்துகொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பதற்குத் தனி வைராக்கியம் வேண்டும். அந்த அலுவலகத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அது குறைவில்லாமல் இருந்தது. இருவர் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. தும்மினால் தெரியும், பேசினால் கேட்கும். ஆனாலும் அண்ணன் சொல்வதைத் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், தம்பி சொல்வதைக் காரம் குறைத்து அண்ணனிடம் சேர்ப்பதும் தங்கையின் வேலை. வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுப்பது, கணக்கு பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். மாடியில் அச்சகம் வைத்திருந்தவர் அவளுக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்துவிட்டார். "என்ன தந்தி, இன்னிக்கு எத்தனை வார்த்தை போச்சு?" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே கடந்து போவாள். அண்ணனுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு முள்ளாய்க் குத்தும். வீட்டு விஷயம் மாடி வரை ஏறிவிட்டதே என்று.

தொழில், அப்பா ஆரம்பித்தது. வீட்டின் முன்னறையில் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பிறருடைய இணையதளங்களைத் தாங்கும் வேலையைத் தொடங்கியவர் அவர். பின்னால் அது வளர்ந்து, குளிரூட்டிய அறையில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பெரிய சர்வர் ஆனது. அந்த ஒரு சர்வருக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிக் கண்டெய்னர். ஒரே அஸ்திவாரத்தின் மேல் எழுந்த அடுக்குமாடி போல: கதவு தனி, பூட்டு தனி, அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று இந்த வீட்டுக்குத் தெரியாது. வாசலில் அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. "நம்ம மெஷின் தூங்காது" என்பது அவர் வாக்கு. அவர் போன பிறகும் மெஷின் தூங்கவில்லை. நிறுத்தாமல் ஓடுகிறது என்பதே அந்த வீட்டின் பெருமை.

சண்டை வந்தது ஒரு வரியால். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. இதன் முகவரி இது, இதற்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு டிஸ்க் என்று எழுதி வைத்திருக்கும். கண்டெய்னர் எழும்போது அதைப் படித்துத்தான் எழும். ஒருமுறை தம்பி அதில் ஒரு வரியைத் தவறாக எழுத, ஒரு வாடிக்கையாளரின் இணையக் கடை பகல் முழுக்க மூடிக் கிடந்தது. அந்த வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அண்ணன் சொன்னார்: "அப்பா பேரைக் கெடுக்கன்னே பொறந்திருக்கான். இனிமே இந்த ஃபைல் எதையும் இவன் கை தொடாது. அதுக்கு நான் பொறுப்பு." சொன்னதோடு நிற்கவில்லை. சர்வரின் அமைப்பு ஃபைல்கள் அத்தனையையும் திருத்த முடியாதபடி பூட்டினார்.

அந்தப் பூட்டு பெரிய பூட்டு இல்லை. ஒரு வரிக் கட்டளையில் திறந்துவிடும். தம்பிக்கும் அது தெரியும். ஆனால் அவனும் அதே அப்பாவின் பிள்ளை. "கும்பிட்டுக் கேட்டாலும் அந்த ஃபைலை நான் தொட மாட்டேன்" என்று வெளியே வந்து தங்கையிடம் சொன்னான். அதுதான் முதல் தந்தி.

அன்றிலிருந்து ஒரு விசித்திரமான வேலைமுறை அங்கே உண்டாயிற்று. ஃபைலில் எழுதுவது அண்ணன். ஓடுகிற மெஷினைப் பார்ப்பது தம்பி. வாடிக்கையாளருக்கு இடம் போதவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்கு ஓடும்போதே கூடுதல் டிஸ்க் கொடுப்பான். முகவரி மாற்ற வேண்டுமென்றால் ஓடும்போதே மாற்றுவான். லினக்ஸ் அதற்கு இடம் தருகிறது. கட்டளையின் கடைசியில் 'சேமி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் ஃபைலிலும் ஏறும். சேர்க்காவிட்டால் நிறுத்தும்வரை மட்டும் நிற்கும். தம்பி அந்தச் சொல்லைச் சேர்த்ததே இல்லை. சேர்க்க வேண்டுமானால் பூட்டைத் திறக்கச் சொல்லி அண்ணனிடம் போய் நிற்க வேண்டும். மெஷின்தான் தூங்காதே, பிறகென்ன?

அண்ணனுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொல்லலாம். வாயால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஒருநாள் இரவில் அந்தத் தெருவில் மின்கம்பி மாற்றும் வேலை நடந்தது. மின்சாரம் போனதும் பேட்டரி தன்னால் ஆனவரை தாங்கியது. அண்ணன் காலையில் வந்து கதவைத் திறந்தபோது குளிரறையிலிருந்து வழக்கமான இரைச்சல் வரவில்லை. கம்பிக்காரர்கள் வேலை முடித்து மின்சாரம் வந்ததும் மெஷினை எழுப்பினார். மெஷின் எழுந்தது. உள்ளே இருந்த கண்டெய்னர்கள் எழவில்லை.

ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்தன. தங்கை ஒரு கையில் ஒன்று, தோளில் ஒன்று என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி வந்தான். கண்ணாடிக்கு அப்பால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, அண்ணனின் திரையைப் பார்த்தான்.

"பெரியண்ணா," என்று தங்கை உள்ளே வந்தாள். "சின்னண்ணன் சொல்றாரு, எதை எதை மாத்தியிருக்கேன்னு கேட்டா சொல்றேன்னு."

"மாத்தினவன் தானா வந்து சொல்லட்டும். நான் எதுக்குக் கேக்கணும்?"

அவள் போனாள். வந்தாள். "கேக்காம சொன்னா, யாரு கேட்டான்னு கேப்பீங்களாம்."

"அவனுக்கு வாய்க்கொழுப்பு. போய் ஃபோனை எடு."

"எனக்குக் காலு ரெண்டுதான் இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும் பங்கு போட்டுட்டா எனக்கு மிச்சமில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் போனாள்.

அண்ணன் உட்கார்ந்தார். தொழிலை அவர் மறந்தவரில்லை. அப்பா பக்கத்தில் இருந்து கற்றது. முதல் கண்டெய்னரை எழுப்பினார். 'ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது' என்றது திரை. அவர் போட்ட பூட்டு இல்லை; மெஷின் திடீரென்று செத்தபோது விட்டுப்போன பழைய பூட்டு ஃபைல் அது. வேலை செய்துகொண்டிருந்த நிரல் போய்விட்டது, அது மாட்டிய பூட்டு மட்டும் நிற்கிறது. வேறு எதுவும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு அழித்தார். எழுந்தது. அடுத்தது, முகவரி வேறொன்றின் கையில் இருக்கிறது என்று மறுத்தது. தம்பி ஓட்டத்தில் இதன் முகவரியை மாற்றிவிட, காலியாய்க் கிடந்த பழைய முகவரியை அண்ணனே அதன் ஃபைலில் எழுதியிருக்கிறார்; இதன் ஃபைலிலும் அது பழையபடி இருக்கிறது. எது யாருடையது என்று வாடிக்கையாளரிடமே தங்கையை விசாரிக்கச் சொல்லி, தன் பூட்டைத் திறந்து ஃபைலைத் திருத்தி மறுபடி பூட்டினார். அதற்கடுத்தது எழுந்த வேகத்தில் விழுந்தது. அதன் பதிவைத் திறந்து படித்தார்: இடமில்லை. ஃபைலில் உள்ள டிஸ்க் அளவு, அண்ணன் என்றோ எழுதியது. உள்ளே இருக்கும் சரக்கோ அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டையை மாட்டினால் கிழியாமல் என்ன செய்யும்? அளவைக் கூட்டினார். எழுந்தது.

ஒவ்வொன்றாக எழ எழ, அவருடைய முதுகு நிமிர்ந்தது. கேட்காமலே முடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. அதற்குள் ஒரு ருசியும் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடியே தங்கையிடம் உரக்கச் சொன்னார்: "எழுதி வச்சவனுக்குத் திருத்தவும் தெரியும்னு சொல்லு."

தந்தி போகத் தேவையில்லை. கண்ணாடிக்கே கேட்டுவிட்டது.

மிச்சம் இருந்தவற்றில் பெரியது ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கண்டெய்னர். அந்த லேபை நடத்தும் டாக்டரம்மா, அப்பா காலத்து வாடிக்கையாளர். அப்பாவின் கடைசி நாட்களில் அவருடைய ரத்தத்தைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போனவர். அந்தக் கண்டெய்னர் விழுந்து கிடப்பது அண்ணனுக்குத் தன் வீட்டுப் பெண் தெருவில் நிற்பது போல இருந்தது. எழுப்பும் கட்டளையை அடித்தார்.

ஒரு முனகல் இல்லை, ஒரு எரர் இல்லை. முதல் அழைப்பிலேயே எழுந்து நின்றது.

அண்ணன் உடனே டாக்டரம்மாவை அழைத்தார். அதே நேரம் தம்பி தன் அறையிலிருந்து வேகமாக வந்து தங்கையிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அவள் ஓடி வந்தாள். அண்ணன் ஃபோனைக் காதில் வைத்தபடி, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினார்.

"ஆமாம்மா, உங்களோடது எழுந்தாச்சு. பிரச்சனை ஒண்ணும் இல்லை."

மறுமுனையில் டாக்டரம்மா, "நேத்து வந்தவங்க பேரு ஒண்ணும் லிஸ்ட்ல காணோங்கறா கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு. வெளியே ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"இப்பத்தானே எழுந்திருக்கு, மெதுவா வரும். தைரியமா ஆரம்பிங்க. அப்பா பேர்ல சொல்றேன்."

ஃபோனை வைத்தார். தங்கை மூச்சு வாங்க நின்றாள். "லேபை எழுப்ப வேண்டாம்னு சின்னண்ணன் சொல்றாரு. கொஞ்சம் பொறுக்கச் சொல்றாரு."

"எழுந்தாச்சு."

"இல்லண்ணா, அதுல ஏதோ..."

"எழாததுக்கெல்லாம் வாயை மூடிக்கிட்டு நின்னான். ஒண்ணு நல்லபடியா எழுந்ததும் படுக்க வைக்கணும்னு வர்றானா? நான் கேட்டேனா அவனை?"

தங்கை திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே தம்பி வந்து அண்ணனின் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் அவனை நேராகப் பார்த்தார். கைப்பிடி பாதி திரும்பியது. பிறகு மெல்லப் பழைய இடத்துக்கு வந்தது. அவன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். தோற்றுப்போய்விட்டான் என்று அண்ணன் நினைத்தார்.

எழாத கண்டெய்னர் யோக்கியமானது. ஏன் எழவில்லை என்று ஒரு வரியாவது சொல்லும். தவறாக எழுந்தது வாயைத் திறக்காது.

மதியம் சாய்ந்தபோது டாக்டரம்மா நேரிலேயே வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வரவேற்று நாற்காலியை இழுத்துப் போட்ட அண்ணனைப் பார்க்காமல், கையிலிருந்த இரண்டு ரிப்போர்ட்டுகளை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டுலயும் ஒரே நம்பர். ஒண்ணு போன வாரம் ஒரு பெரியவருக்குக் குடுத்தது. இன்னொண்ணு இன்னிக்குக் காலைல வந்த பொண்ணுக்கு. மாசமா இருக்கற பொண்ணு. பரிசோதனைக் கருவியில அந்த நம்பர்ல கிடந்த அவரோட சர்க்கரை அளவை அவ பேர்ல எடுத்துக் குடுத்திருக்காங்க. அழுதுக்கிட்டே திரும்பி வந்தா. காலைலேர்ந்து போட்ட நம்பர் எல்லாமே ஏற்கெனவே போட்ட நம்பர். நான் லேபை மூடிட்டு வந்திருக்கேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை. "எழுந்துச்சே..." என்றார்.

தம்பி வந்து வாசலில் நின்றான். தங்கையைப் பார்த்துப் பேசினான். "சொல்லு. பழைய டிஸ்க் பழுதாகிற மாதிரி இருந்துச்சு. லேபோட டேட்டா முழுக்கப் புது டிஸ்க்குக்கு மாத்தினேன். பழைய இடத்து மேலயே புது இடத்தைக் கொண்டுவந்து பொருத்திவிட்டேன். மெஷின் ஓடற வரைக்கும் புதுசு தெரியும். பழசு அடியில அப்படியே கிடக்கும், ஒரு காப்புக்குன்னு விட்டு வச்சேன். மெஷின் செத்தப்போ மேல இருந்தது கழண்டுடுச்சு. இவரு எழுப்பினது அடியில கிடந்ததை. மாத்தினதுக்கப்புறம் வந்தவங்க பேரோ நம்பரோ அதுல கிடையாது. சொல்லு."

"எழுதி வைக்க வேண்டியதுதானே, மெஷின் எழும்போதே பொருத்தச் சொல்லி?" என்றார் அண்ணன், அவரும் தங்கையைப் பார்த்து.

"எதுல எழுதறது? பூட்டி வச்சிருக்காரே, அதுலயான்னு கேளு."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவக்கத் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நான் சொல்ல மாட்டேன். அவரு இங்கதான் நிக்கிறாரு, நீயும் இங்கதான் நிக்கிறே. நடுவுல நின்னு நின்னு எனக்கு அலுத்துப்போச்சு. காலைல நான் வந்து சொன்னேன். பாதியில வாயை அடைச்சாரு. கதவைத் திறந்து நீ ஒரு வார்த்தை கத்தியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் உனக்கு?"

அண்ணன் மேசைமேல் கிடந்த இரண்டு ரிப்போர்ட்டுகளையும் இழுத்து நம்பர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்.

டாக்டரம்மா மூவரையும் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் முழுக்க விளங்கியது போலிருந்தது. கோபம் அவர் முகத்திலிருந்து இறங்கியது. அதற்குப் பதில் வந்தது அண்ணனுக்கு அதைவிடக் கொடுமையாக இருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வந்தேன்," என்றார். "மெஷின் கெட்டிருந்தா நான் இருந்திருப்பேன். தப்புன்னா யாருக்கும் வரும். லிஸ்ட் சரியில்லையேன்னு நான் கேட்டப்போ நீங்க உங்க அப்பா பேரைச் சொன்னீங்க. அவருன்னா, பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருப்பாரு."

"அம்மா, ஒரு தடவை..."

"எங்க டேட்டாவைக் கையில குடுத்துடுங்க. பழசு, புதுசு, இன்னிக்குப் போட்டது, எல்லாம். வேற இடம் பார்த்துக்கறேன்."

அதற்குமேல் கெஞ்ச அண்ணனுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் கெஞ்சிப் பழக்கம் இல்லை. கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சாததும் ஒரு குறைதான் என்று அவருக்கு அன்றைக்கும் தோன்றவில்லை.

தம்பி லேபின் கண்டெய்னரை நிறுத்தினான். அன்று காலை பழைய பிரதியில் பதிந்தவற்றைத் தனியே எடுத்து வைத்தான். புது டிஸ்க்கை அதன் இடத்தில் பொருத்தி மறுபடி எழுப்பினான். நேற்று வரைக்குமான அத்தனை பேரும் அத்தனை முடிவுகளும் வரிசையாக வந்து நின்றன. சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. இவ்வளவுதான் வேலை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற டாக்டரம்மா, அவன் நகலெடுத்துக் கொடுத்ததை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது தங்கையின் தோளை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு தம்பி, மற்ற கண்டெய்னர்களில் தான் ஓட்டத்தில் செய்திருந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேமிக்க முயன்றான். இத்தனை காலமும் அடிக்காத அந்தச் சொல்லை அடித்தான். 'அனுமதி இல்லை' என்றது திரை. கும்பிட்டுக் கேட்டாலும் தொட மாட்டேன் என்றவன் இப்போது தொடுகிறான். ஆனால் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை, தானே திறக்கவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அண்ணன் கண்ணாடி வழியே பார்த்தார். தன் விசைப்பலகையை இழுத்து, ஒரு வரி அடித்தார். பூட்டுகள் திறந்தன. திறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தம்பி மறுபடி முயன்றான், ஏறியது. ஏறிவிட்டது என்று அவனும் சொல்லவில்லை. பொழுது சாயும்வரை அந்த அலுவலகத்தில் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. இனி மெஷின் எத்தனை முறை செத்தாலும், உள்ளே இருப்பவை அத்தனையும் தாமாகவே எழுந்துகொள்ளும். லேப் மட்டும் அங்கே இருக்காது.

அண்ணன் எழுந்து வெளியே வந்தார். வாசலில் நின்று பித்தளைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். தினமும் துணியால் துடைத்த பலகை. பெயரின் ஒவ்வொரு எழுத்தும் முகம் பார்க்கும்படி மின்னியது. அப்பா சொன்ன வாக்கு மெஷினைப் பற்றியது என்றுதான் இத்தனை காலமும் அவர் நினைத்திருந்தார். இன்றைக்கு அந்தப் பெயரைத் தன் வாயாலேயே எடுத்து, பொய்க்கு ஜாமீன் கொடுத்தாகிவிட்டது. மானம் இருக்கிற வீட்டில்தான் பெயர் தொங்க வேண்டும். இல்லாத வீட்டில் அது தொங்கினால் அப்பாவுக்குத்தான் அவமானம்.

மாடிக்குப் போய் அச்சகத்துக்காரரிடம் ஏணியும் திருப்புளியும் கேட்டார். அவர் கொடுத்துவிட்டு, எட்டிப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். "பலகை மாத்தறீங்களா? நம்மகிட்ட சொன்னா புதுசா அடிச்சுத் தருவேனே."

"வேண்டாம். இறக்கத்தான் போறேன்."

ஒரு பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றியதும் பலகை ஒருபுறமாகச் சாய்ந்தது. கனமான பித்தளை. ஒற்றை ஆளால் தாங்க முடியாது. அச்சகத்துக்காரர் கை நீட்டுவதற்குள், கீழே வேறு ஒரு கை வந்து சாய்ந்த முனையைத் தாங்கிப் பிடித்தது. தம்பி. அண்ணன் அவனைப் பார்க்காமல் மறுபக்கத்துத் திருகாணிகளையும் கழற்றினார். இருவருமாகப் பலகையைக் கீழே இறக்கினார்கள்.

"எத்தனை வருஷம் கழிச்சு அண்ணனும் தம்பியும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்றீங்க!" என்றார் அச்சகத்துக்காரர். "அதுவும் அப்பாவை இறக்கறதுக்கு."

தங்கை கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்ததைப் பார்த்தாள். கண் கலங்கியதை அவர்களுக்குக் காட்டாமல் திரும்பிக்கொண்டாள்.

"இதை எங்கே வைக்கிறதா உத்தேசம்?" என்று பொதுவாகக் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. எடுத்துச் செல்ல அவளிடம் இனித் தந்தி எதுவும் இல்லை. படியிறங்கித் தெருவில் நடந்தாள்.

அண்ணன் ஒரு முனையையும் தம்பி மறுமுனையையும் பிடித்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோக வேண்டுமா, வீட்டுக்கா, யார் வீட்டுக்கு என்பதை யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். கனம் இருவர் கையையும் இழுத்தது. மற்றவன் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.